ஸ்க்ரூஜ் எந்த இடத்தில் மாறுகிறான்? 'கிறிஸ்துமஸ் கரோல்' படங்களில் எதைப் பார்ப்பது

கேள்வி இதுதான்: சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதையை நூறு வருஷத்துக்கும் மேலாகப் படமாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். இதில் எதைப் பார்ப்பது? கதையை ஒட்டி எடுத்த படம் எது?

பெயர் மட்டும் போதும் என்றால், 1951-இல் அலஸ்டர் சிம் நடித்த 'ஸ்க்ரூஜ்' படத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் அதற்கு மூலக்கதையின் பெயரையே வைத்து வெளியிட்டார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 1992-இல் வந்த 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கரோல்'. கறுப்பு வெள்ளை ஒத்துவராது என்றால் 1984-இல் ஜார்ஜ் சி. ஸ்காட் நடித்தது. ஆனால் "கதையை ஒட்டி" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. நான் முதலில் சொன்ன படம், கதையில் இல்லாத காட்சிகளை ஏராளமாகச் சேர்த்த படம். இரண்டாவதில் பாதிப் பேர் பொம்மைகள்.

கதை தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. லண்டனில் எபனேசர் ஸ்க்ரூஜ் என்று ஒரு வியாபாரி, எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். குமாஸ்தா பாப் கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங் சம்பளம், குளிர் காய ஒரே ஒரு கரித்துண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஏழு வருஷத்துக்கு முன் செத்துப்போன கூட்டாளி மார்லி சங்கிலிகளை இழுத்துக்கொண்டு ஆவியாக வருகிறான். அவனுக்குப் பிறகு கடந்த காலம், நிகழ் காலம், எதிர்காலம் என்று மூன்று ஆவிகள் வந்து ஸ்க்ரூஜைக் கூட்டிக்கொண்டு போகின்றன. விடியும்போது அவன் வேறு ஆள்.

டிக்கன்ஸ் இதை எழுதியது 1843-இல். அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் பரம ஏழைப் பிள்ளைகளுக்கான ஃபீல்டு லேன் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தார். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றிய நாடாளுமன்ற ஆணைய அறிக்கையும் அப்போது வந்திருந்தது. முதலில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் போடலாம் என்றுதான் நினைத்தார். கதையாகச் சொன்னால் இன்னும் ஓங்கி அடிக்கலாம் என்று மனதை மாற்றிக்கொண்டு ஆறே வாரத்தில் எழுதி முடித்தார். டிசம்பர் 19-ஆம் தேதி புத்தகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் 6,000 பிரதிகள் தீர்ந்துவிட்டன. அவருடைய அப்பா கடன்காரராக மார்ஷல்சீ சிறையில் கிடந்ததும், பன்னிரண்டு வயதில் அவர் பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் கிடங்கில் வேலைக்குப் போனதும் 1824-இல். ஸ்க்ரூஜைப் பிடித்து ஆட்டும் வறுமை பயம் எழுத்தாளர் நேரில் பட்டது.

இனி படங்களுக்கு வருகிறேன். நான் இந்தப் படங்களைப் பார்க்கும்போது கவனிப்பது ஒன்றே ஒன்று: ஸ்க்ரூஜ் எந்த இடத்தில் மாறத் தொடங்குகிறான்? பலர் நினைப்பது, கல்லறையில் தன் பெயரைப் பார்த்துப் பயந்து திருந்துகிறான் என்று. புத்தகத்தில் அப்படி இல்லை. முதல் ஆவி அவனை அவன் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறது. விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போயாயிற்று. ஒரு பையன் மட்டும் தனியாக உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கிறான். அலிபாபா ஜன்னலுக்கு வெளியே நிற்பது போல அவனுக்குத் தெரிகிறது. அந்தப் பையனைப் பார்த்ததும் கிழவன் ஸ்க்ரூஜ் அழுகிறான். அழுதுவிட்டு, நேற்று ராத்திரி வாசலில் பாட வந்த ஒரு சிறுவனை விரட்டிவிட்டோமே, ஏதாவது கொடுத்திருக்கலாமே என்கிறான். திருப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அடுத்து, இளவயதில் வேலை பார்த்த ஃபெஸிவிக் முதலாளியின் விருந்தைப் பார்க்கிறான். உடனே, என் குமாஸ்தாவிடம் ரெண்டு வார்த்தை பேசலாம் போலிருக்கிறது என்கிறான். கல்லறைக்குப் போகும் முன்பே பாதி மாறிவிட்டான். முதலில் வருவது நினைவு, அதற்குப் பிறகு வெட்கம், கடைசியில்தான் பயம். இந்த வரிசையைப் பிடித்த படம் எத்தனை காட்சிகளை மாற்றியிருந்தாலும் கதையை ஒட்டிய படம்தான். இதைக் கோட்டைவிட்ட படம் வசனத்தை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தாலும் பேய்ப்படம்தான்.

இன்று நம்மிடம் இருப்பவற்றில் மிகப் பழையது 1901-இல் வந்த 'ஸ்க்ரூஜ், அல்லது மார்லியின் ஆவி'. ராபர்ட் பால் தயாரிப்பு. இயக்கியவர் வால்டர் பூத் என்ற மேஜிக்காரர். மிஞ்சியிருப்பது மூன்றரை நிமிடம் போல. கதவு தட்டும் கைப்பிடியில் மார்லியின் முகம் தெரிவதும், கறுப்புத் திரைச்சீலைமேல் பழைய நினைவுகள் ஓடுவதும் அந்தக் காலத்துக்குப் பெரிய வித்தை. நேரமில்லாததால் மூன்று ஆவிகளின் வேலையையும் மார்லியே பார்த்துவிடுகிறான். சரித்திரத்துக்காக ஒருமுறை பார்க்கலாம்.

பேசும் படம் வந்த பிறகு எடுத்த முதல் முழுநீளப் படம் 1935-இல். ஸ்க்ரூஜாக நடித்த சீமோர் ஹிக்ஸ் 1901-இலிருந்து மேடையில் இதே வேஷம் போட்டவர். 1913-இல் மௌனப் படத்திலும் போட்டார். ஊறிப்போன நடிகர். மார்லியை நமக்குக் காட்டாமல் குரலை மட்டும் கேட்க வைத்தது நல்ல யோசனை. லண்டன் மேயரின் விருந்துச் சமையலறையையும் வெளியே காத்துக் கிடக்கும் பஞ்சைகளையும் மாற்றி மாற்றிக் காட்டுவதும் நன்றாகவே இருக்கும். ஆனால் தங்கை ஃபேன், பள்ளிக்கூடம், ஃபெஸிவிக் எதுவுமே கிடையாது. இந்த ஆள் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்தான் என்பதே படத்தில் இல்லை. ஆகவே கடைசியில் அவன் திருந்தும்போது, சரி, பயந்துவிட்டான் என்று மட்டும்தான் தோன்றுகிறது.

1938-இல் எம்.ஜி.எம். எடுத்ததில் வேறு விதமான கோளாறு. லயனல் பேரிமோர் நடிப்பதாக இருந்தது. அவர் 1934-இலிருந்து அமெரிக்க வானொலியில் கிறிஸ்துமஸ் தோறும் ஸ்க்ரூஜாகப் பேசிப் பேர் வாங்கியவர். உடம்பு ஒத்துழைக்காததால் ரெஜினால்டு ஓவனைச் சிபாரிசு செய்தார். படம் 69 நிமிடம். குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி இனிப்புப் பூசி வைத்திருக்கிறார்கள். காதலி பெல் இல்லை, செத்தவன் துணிமணியைத் திருடி விற்பவர்கள் இல்லை. ஓவனின் ஸ்க்ரூஜ் மூன்றாவது ஆவி வருவதற்கு முன்பே, எனக்குக் கிறிஸ்துமஸ் பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறான்! அப்புறம் அந்த மூன்றாவது ஆவிக்கு என்ன வேலை? படத்தில் ஒரே ஆறுதல் கிராட்சிட் தம்பதியாக வரும் ஜீன் லாக்ஹார்ட்டும் கேத்லீன் லாக்ஹார்ட்டும். நிஜத்திலும் கணவன் மனைவி. அவர்கள் மகள் ஜூனுக்கு இது முதல் படம்.

இப்போது 1951. இயக்கம் பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட். திரைக்கதை எழுதிய நோயல் லாங்லி, 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவர். டிக்கன்ஸ் சில பக்கங்களில் தாண்டிப்போன கடந்த காலத்தை லாங்லி இழுத்து இழுத்து விரித்தார். இந்த ஆள் எப்படி இப்படி ஆனான் என்ற கேள்விக்கு மூலக்கதை அரைகுறையாகத்தான் பதில் சொல்கிறது. படம் முழுதாகச் சொல்கிறது. ஸ்க்ரூஜைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா இறந்துபோகிறாள், அதற்காக அப்பா அவனை வெறுக்கிறார். பிறகு அதே மாதிரி, இந்தப் படத்தில் அக்காவாக வரும் ஃபேனும் ஒரு மகனைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். ஸ்க்ரூஜ் அந்தக் குழந்தையை, அதாவது மருமகன் ஃப்ரெட்டை, அப்பா தன்னை வெறுத்தது போலவே வெறுக்கிறான். அக்காட்சியில் ஒரு சின்ன விஷயம் செய்திருக்கிறார்கள். ஃபேன் சாகும் நேரத்தில் தம்பி துக்கம் தாங்காமல் அறையைவிட்டுப் போய்விடுகிறான். அதன் பிறகுதான் அவள் கண் திறந்து, என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்கிறாள். அந்த வார்த்தையை அவன் முதன்முதலாகக் கேட்பது இத்தனை வருஷம் கழித்து, ஆவியின் பக்கத்தில் நின்றுகொண்டு. சிம்மின் முகம் அப்போது போகிற போக்கைப் பார்க்க வேண்டும். டிக்கன்ஸ் எழுதாத காட்சிதான். எழுதியிருந்தால் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஜார்கின் என்ற ஒரு புதிய பாத்திரமும் உண்டு. இளம் ஸ்க்ரூஜை ஃபெஸிவிக்கிடமிருந்து இழுத்துக்கொண்டு போகிற வியாபாரி. கடைசியில் அவன் நிறுவனத்துப் பணத்தைக் கையாடிவிட்டான் என்று தெரிகிறது. அப்போது ஸ்க்ரூஜும் மார்லியும் அந்தப் பள்ளத்தை நாங்கள் நிரப்புகிறோம் என்று முன்வந்து, பதிலுக்குப் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வார்த்தை சட்ட விரோதம் கிடையாது. இவன் கஞ்சன் மட்டும் இல்லை, அந்தக் கால லண்டன் வியாபாரத்தின் நல்ல மாணவன் என்று படம் புரிய வைக்கிறது.

அலஸ்டர் சிம் பெரும்பாலும் நகைச்சுவை நடிகராக அறியப்பட்டவர். அதனால்தான் கிறிஸ்துமஸ் காலைக் காட்சி அவ்வளவு எடுபடுகிறது. கிழவன் சிரித்துச் சிரித்துத் தலைகீழாக நிற்கிறான். வீட்டு வேலைக்கு வரும் டில்பர் அம்மாள் இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடுகிறாள். அவளுடைய வாரச் சம்பளம் ரெண்டு ஷில்லிங்கிலிருந்து பத்தாகிறது. கொஞ்சம் கண்ணை விரித்து வைத்துக்கொண்டால், அந்த அறையின் கண்ணாடியில் படப்பிடிப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தெரிவார். ரசிகர்கள் ஆண்டுதோறும் சலிக்காமல் தேடுகிற பிழை அது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து வருவது: ஃப்ரெட் வீட்டு வாசலில் தயங்கி நிற்கிறான். உள்ளே 'பார்பரா ஆலன்' என்ற பழைய நாட்டுப்பாடல். ஃபேன் வரும் காட்சிகளிலும் அந்த மெட்டுதான் வந்திருக்கும். கதவைத் திறந்த வேலைக்காரப் பெண் தலையசைத்துத் தைரியம் கொடுக்கிறாள். பிறகு உள்ளே போய், இதுவரை முகம் கொடுத்துப் பேசாத மருமகன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறான். இதில் பயம் எங்கே இருக்கிறது? வெட்கம், வெறும் வெட்கம்.

அமெரிக்காவில் இந்தப் படம் எடுத்த எடுப்பில் ஓடவில்லை. நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் கிறிஸ்துமஸ் படமாகப் போடுவதாக இருந்து, ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று அரங்க நிர்வாகம் விட்டுவிட்டது. பிற்பாடு தொலைக்காட்சியில் வருஷா வருஷம் போட்டுப் போட்டுத்தான் மக்கள் மனதில் உட்கார்ந்தது.

இதற்கு ஒரு பின்குறிப்பு போல 1971-இல் ஒரு 25 நிமிடக் கார்ட்டூன் படம் வந்தது. ரிச்சர்ட் வில்லியம்ஸ் இயக்கம். ஸ்க்ரூஜுக்குச் சிம்மே குரல். மார்லிக்கு 1951-இல் மார்லியாக நடித்த மைக்கேல் ஹார்டனே குரல். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்களில் வரும் செதுக்கோவியம் மாதிரியே ஒவ்வொரு காட்சிச் சட்டகமும். சுரங்கத் தொழிலாளர் குடிசை, கலங்கரை விளக்கம், நடுக்கடலில் கப்பல் என்று நிகழ்கால ஆவி சுற்றிக்காட்டும் இடங்களைப் பலரும் வெட்டுவார்கள். அரைமணி நேரம்கூட இல்லாத இந்தப் படம் வைத்திருக்கிறது. ஆஸ்கர் வாங்கியது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பிய படத்துக்கு எப்படி விருது என்று முணுமுணுப்பு கிளம்பி, அகாடமி விதியையே மாற்றியது. நேரம் குறைவு என்பவர்கள் இதைப் பாருங்கள்.

1970-இல் ஆல்பர்ட் ஃபின்னி நடித்த 'ஸ்க்ரூஜ்' பாட்டுப் படம். ஃபின்னிக்கு அப்போது வயது முப்பத்துநான்குகூட நிரம்பவில்லை. கிழ வேஷத்தில் குறுகிக் குறுகி நடக்கிறார். பாட்டுகள் எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் பிரமாதம். எதிர்காலத்தில் கடன்பட்டவர்கள் எல்லாரும் நன்றி நன்றி என்று தெருவில் ஆடிப்பாடுகிறார்கள். தன்னைத்தான் கொண்டாடுகிறார்கள் என்று ஸ்க்ரூஜும் கூடச் சேர்ந்து குதிக்கிறான். அவர்களுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போவது அவனுடைய சவப்பெட்டி. செத்தானே மகராசன் என்ற கொண்டாட்டம் அது.

1984-இன் ஸ்காட்டைப் பற்றி. இந்தப் படத்தை இயக்கிய கிளைவ் டோனர், 1951 படத்தின் படத்தொகுப்பாளர். பழைய படம் அடி முதல் நுனி வரை தெரிந்தவர் என்பதால்தானோ என்னவோ அதைப் போல எடுக்காமல் தப்பித்தார். சிம்மின் ஸ்க்ரூஜ் உள்ளுக்குள் காயம்பட்டவன். ஸ்காட்டின் ஸ்க்ரூஜ் நியாயம் பேசுகிறவன். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு திரிகிற கிழவன் இல்லை. அடுத்தவன் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிற புத்திசாலி. ஆவிகளோடு வாதாடுகிறான், சாக்குச் சொல்கிறான், லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. ஏழைகள் சாவதானால் சாகட்டும், மிகுதியான ஜனத்தொகை குறையும் என்று ஸ்க்ரூஜ் சொல்வது பொருளாதார அறிஞர் மால்தஸ் போன்றவர்களின் கருத்தைப் பிடித்துக்கொண்டு அன்றைய கனவான்கள் பேசிய பேச்சு. ஸ்காட் அதைச் சொல்லும்போது கொடுமைக்காரன் மாதிரி சொல்வதில்லை, பொருளாதாரம் தெரிந்தவன் மாதிரி சொல்கிறார். அதனால்தான் அந்த வாக்கியத்தை ஆவி பிற்பாடு அவனுக்கே திருப்பிச் சொல்லும்போது சுருக்கென்று இருக்கிறது.

படம் எடுத்தது லண்டனில் இல்லை, ஷ்ரூஸ்பரி நகரத்தில். அங்கே செயிண்ட் சாட் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் எபனேசர் ஸ்க்ரூஜ் என்று பெயர் வெட்டிய கல்லைப் படம் முடிந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டார்கள். கதையில் வந்தவனின் சமாதியைப் பார்க்க நிஜ மனிதர்கள் வந்துகொண்டிருந்தார்கள். 2024 நவம்பரில் யாரோ அதை உடைத்துப் போட்டார்கள், அது செய்தியும் ஆனது.

இந்தப் படத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிகழ்கால ஆவி தன் அங்கியைத் திறக்கும்போது எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள்: பையன் அறியாமை, பெண் வறுமை. புத்தகம் எழுதப்பட்டதே இந்த ரெண்டு பிள்ளைகளுக்காக என்று சொன்னால் தப்பில்லை. ஃபீல்டு லேனில் பார்த்த முகங்கள். கிறிஸ்துமஸ் மனநிலைக்கு ஒத்துவராது என்று பல படங்கள் முதலில் தூக்குவதும் இவர்களைத்தான். 1938-இல் இல்லை, மிக்கி மவுஸ் வரும் 1983 டிஸ்னி படத்தில் இல்லை, மப்பெட்டிலும் இல்லை. 1951, 1971, 1984 மூன்றிலும் இருக்கிறார்கள். 1984-இல் ஆவி அத்தோடு விடாமல் ஸ்க்ரூஜை ஒரு பாலத்துக்கு அடியில், வீடில்லாதவர்கள் நடுவே, குளிரில் விட்டுவிட்டுப் போகிறது.

மப்பெட் படத்தில் அவர்கள் இல்லாததை நான் மன்னிக்கிறேன். காரணம் மைக்கேல் கெய்ன். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி மேடையில் நிற்பது போலவே நடிப்பேன், எதிரே பொம்மை இருக்கிறது என்று கண் சிமிட்டவே மாட்டேன் என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தார். தவளை பொம்மையை வேலையைவிட்டுத் துரத்துவேன் என்று மிரட்டும்போதும் அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990-இல் இறந்த பிறகு அவர் மகன் பிரையன் ஹென்சன் இயக்கிய முதல் படம் இது. மூக்கு நீண்ட கோன்சோதான் டிக்கன்ஸ்! கதைசொல்லியாக வந்து மூலத்தின் வரிகளை அங்கங்கே அப்படியே பேசுகிறான். டிக்கன்ஸின் உரைநடையை இவ்வளவு நம்பி வைத்த படம் பொம்மைப் படமாக இருப்பது வேடிக்கைதான்.

இதில் ஒரு வெட்டுக் கதை உண்டு. பெல் ஸ்க்ரூஜைப் பிரியும்போது பாடும் சோகப் பாட்டைக் குழந்தைகள் பொறுமையாகக் கேட்க மாட்டார்கள் என்று டிஸ்னியின் ஜெஃப்ரி கட்ஸன்பர்க் வெளியீட்டில் எடுத்துவிட்டார். பழைய வீடியோ கேசட்டில் இருந்தது, பிறகு மூலப் பிரதியே காணாமல் போய்விட்டது என்றார்கள், கிடைத்துவிட்டதாக 2020-இல் அறிவித்தார்கள். அந்தப் பாட்டை வெட்டினால் கடந்த காலமே ஊனமாகிவிடுகிறது. பாட்டின் முடிவில் கிழவன் கெய்னும் சேர்ந்து பாட முயன்று குரல் உடைகிறார். படத்துக்கே ஆணிவேர் அது. கடைசிக் காட்சியின் பாட்டு அதே மெட்டுக்குத்தான் பதில் சொல்கிறது, முதல் பாட்டைக் கேட்காதவர்களுக்கு அது பிடிபடாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-இல் வந்த 'ஸ்க்ரூஜ்டு' தொலைக்காட்சி அதிகாரியாக பில் மர்ரியைப் போட்டு நவீனமாக்கியது. முதல் பாதி சிரிப்பு, முடிவில் கேமராவைப் பார்த்துப் பிரசங்கம். 1999-இல் பேட்ரிக் ஸ்டூவர்ட் நடித்தது சுத்தமான, கொஞ்சம் குளிர்ந்த படம். அவர் இதைத் தனி ஆளாக மேடையில் பல வருஷம் நடத்தியவர். அந்த ஒற்றை ஆள் நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு கிடைத்தால் படத்தைவிட அது மேல். 2009-இல் ராபர்ட் ஸெமெக்கிஸ் எடுத்த முப்பரிமாணப் படத்தில் ஜிம் கேரிதான் எல்லா வயது ஸ்க்ரூஜும், மூன்று ஆவிகளும். கடந்த கால ஆவியை மெழுகுவத்திச் சுடராகக் காட்டியது புத்தகத்துக்கு நெருக்கம், வசனங்களும் நெருக்கம். ஆனால் ஸ்க்ரூஜைச் சுண்டெலி அளவுக்குச் சுருக்கி சவவண்டிக் குதிரைகளைவிட்டுத் தெருத் தெருவாகத் துரத்துகிறார்கள். கதையை ஒட்டினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2019-இல் ஸ்டீவன் நைட் எழுதிய மூன்று பகுதித் தொடரில் கை பியர்ஸ். இருட்டு, இன்னும் இருட்டு. குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

எல்லாம் பார்த்து முடித்தவர்களுக்கு ஒரு அபூர்வம்: 1964-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ராட் செர்லிங் எழுதிய 'கரோல் ஃபார் அனதர் கிறிஸ்துமஸ்'. ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றிய தொடரின் ஒரு பகுதி. இதில் பணத்தைப் பூட்டி வைப்பவனுக்குப் பதிலாக, உலகத்தோடு எங்களுக்கு என்ன வேலை என்று கதவைச் சாத்திக்கொள்கிற ஒரு பணக்கார அமெரிக்கன். எதிர்காலம் அணுகுண்டுக்குப் பிந்தைய இடிபாடு. அங்கே பீட்டர் செல்லர்ஸ், 'நான் மட்டும்' என்ற கொள்கைக்குத் தலைவனாக வந்து கூட்டத்தைக் கிறங்கடிக்கிறார். இயக்கியவர் ஜோசப் மான்கீவிச், 1938-இல் அந்த இனிப்புப் பூசிய படத்தைத் தயாரித்த அதே ஆள்.

பார்க்கும் வரிசை வேண்டுமென்றால் 1971, பிறகு 1951, பிறகு 1984. 1951-க்கு வண்ணம் பூசிய பிரதியும் உலவுகிறது, அதைத் தொடாதீர்கள். மப்பெட் படத்தை டிஸ்னி பிளஸில் பார்ப்பவர்கள் நேராகப் படத்தை ஓடவிட்டால் பாட்டு வெட்டிய பிரதிதான் வரும். 2022 டிசம்பரில் முழுப் பிரதியைச் சேர்த்தபோது அதைக் கூடுதல் காட்சிகள் என்ற பகுதிக்குள் வைத்தார்கள், அங்கே போய்த் தேடுங்கள்.